மார்ஃபினுக்குப் பயப்படணும்தான், ஆனா எந்த இடத்துல?

உங்க கேள்வி இதுதானே: அப்பாவுக்கு புற்றுநோய், எலும்பு வரைக்கும் பரவிடுச்சு, ராத்திரி பூரா வலியில அனத்துறார், டாக்டர் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார். ஆனா சொந்தக்காரங்க எல்லாம் "அது போதை மருந்து, பழக்கமாயிடும், சாகப் போறவங்களுக்குத்தான் அதைக் கொடுப்பாங்க"ன்னு சொல்றாங்க, நெட்ல பாத்தா அமெரிக்காவுல ஓபியாய்டால, அதாவது மார்ஃபின் வகை மருந்துங்களால, கொத்து கொத்தா சாகுறாங்கன்னு போட்டிருக்கு, இதுல எது உண்மை, மாத்திரையைக் கொடுக்கவா வேணாமா.

முதல்ல பதிலைச் சொல்லிடறேன். கொடுங்க. டாக்டர் சொன்ன அளவுல, சொன்ன நேரத்துக்கு, இன்னிக்கு ராத்திரியே கொடுங்க, மிச்சத்தை அப்பா தூங்கினப்புறம் உக்காந்து படிச்சுக்கலாம். நான் மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர்லயும் வலி வார்டுலயும் பல வருஷமா இந்த மருந்துகளோடதான் குடும்பம் நடத்திட்டு இருக்கேன். நான் பாத்த வரைக்கும் ஜனங்க இதுக்குப் பயப்படறது தப்பே இல்ல, பயப்படற இடம்தான் தப்பு. வலியில துடிக்கிறவருக்கு அளந்து கொடுக்கற மாத்திரையைப் பாத்து நடுங்குவாங்க, ஆனா அதே வீட்ல அதோட தூக்க மாத்திரையையும் சேத்துப் போடுவாங்க, மிச்சம் இருக்கற மாத்திரையை "எனக்கும் முதுகு வலி"ன்னு இன்னொருத்தர் எடுத்து முழுங்குவாங்க, அதுக்கு ஒரு பயமும் இருக்காது. உங்க சொந்தக்காரங்க சொல்றதும் நெட்ல வர்றதும் பொய் இல்ல, ரெண்டும் வேற வேற கதை, அதைப் பிரிச்சுப் பாத்துட்டா குழப்பம் போயிடும்.

இந்த மருந்துக் குடும்பத்துக்கு மூலம் அபின். கசகசாச் செடியோட பச்சைக் காயைக் கீறினா பால் மாதிரி ஒண்ணு வடியும், அது காஞ்சா அபின். ஆயிரக்கணக்கான வருஷமா வலிக்கும் வயித்துப்போக்குக்கும் தூக்கத்துக்கும் மனுஷன் அதைத்தான் சாப்பிட்டுட்டு இருந்தான், ஆனா ஒரு உருண்டையில சரக்கு எவ்ளோ இருக்குன்னு யாருக்கும் தெரியாது, ஒரு தடவை வேலையே செய்யாது, இன்னொரு தடவை ஆளையே முடிச்சிடும். 1804, 1805 வாக்குல ஜெர்மனியில சேர்ட்டூர்னர்னு ஒரு இளவயசு மருந்துக்கடை உதவியாளர் அபின்ல இருந்து அந்த வேலை செய்யற பொருளைத் தனியாப் பிரிச்சு எடுத்தார், கிரேக்கக் கனவு தெய்வம் மார்ஃபியஸ் பேரை வச்சு அதுக்குப் பேர் வச்சார், அதுதான் மார்ஃபின். செடியில இருந்து ஒரு மருந்தோட சாரத்தைச் சுத்தமாப் பிரிச்சு எடுக்கறது அதுக்கு முன்னாடி யாரும் உருப்படியா செய்யாத வேலை. அதோட பெரிய லாபம் என்னன்னா அளக்க முடிஞ்சது. இந்த 'அளக்கறது' விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் திரும்பத் திரும்ப வரும்.

அப்புறம் 1832ல அதே அபின்ல இருந்து கோடீன். மார்ஃபினைக் கொஞ்சம் மாத்தி ஹெராயின். கொஞ்சம் கொஞ்சம் மாத்தி ஆக்ஸிகோடோன், புப்ரினார்ஃபின் மாதிரி பாதி செயற்கை மருந்துங்க. செடியே வேணாம்னு முழுசா லேப்ல செஞ்சது பெத்திடின், மெத்தடோன், டிராமடால், ஃபெண்டானில். செடியில இருந்து நேரா வர்றதை மட்டும் ஓபியேட்னு சொல்வாங்க, மொத்தக் குடும்பத்துக்கும் பேர் ஓபியாய்டு. பேர் எதுவா இருந்தாலும் உடம்புக்குள்ள போய் எல்லாம் ஒரே கதவைத்தான் தட்டும்.

அந்தக் கதவு என்னன்னு 1973லதான் கண்டுபிடிச்சாங்க, நரம்பு செல் மேல இதுக்குன்னே ரிசெப்டார், அதாவது மருந்து வந்து பூட்டுல சாவி மாதிரி பொருந்தற இடம், இருக்குன்னு அந்த ஒரே வருஷத்துல மூணு தனித்தனி குழு நிரூபிச்சாங்க. உடனே எல்லாருக்கும் ஒரு கேள்வி வந்தது, கசகசாச் செடியோட பாலுக்கு மனுஷ மூளையில எதுக்கு ஒரு பூட்டு இருக்கு? 1975ல ஹ்யூஸ், காஸ்டர்லிட்ஸ்னு ஸ்காட்லாந்துல அபர்டீன்ல இருந்த ரெண்டு பேர் பதில் கண்டுபிடிச்சாங்க, உடம்பே சொந்தமா இந்த மாதிரி பொருளைச் சுரக்குது, அதுக்குத்தான் பூட்டு, செடியோட சாவி தற்செயலா அதுல பொருந்துது. எண்டார்ஃபின்னு அடிக்கடி கேள்விப்படுவீங்களே, அந்தக் குடும்பம்தான். அடிபட்டவன் அந்த நேரத்துல வலி தெரியாம ஓடறான்ல, அதுல இதுக்கு ஒரு பங்கு இருக்கு.

முதுகுத்தண்டுல வலிச் செய்தி மேல ஏறுற இடத்துல இந்த ரிசெப்டார் இருக்கு, அங்க மருந்து போய் உக்காந்தா செய்தி பாதியிலயே அமுங்கிடும். மூளையில வலியை 'ஐயோ'ன்னு உணர வைக்கற இடத்துலயும் இருக்கு, அதனால ஒரு விசித்திரம் நடக்கும், பேஷன்ட்கிட்ட கேட்டா "வலி இருக்கு டாக்டர், ஆனா என்னைய ஒண்ணும் பண்ணல"ம்பாங்க. இந்த வார்த்தையை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். பாராசிட்டமால் போட்டு யாரும் அப்படிச் சொன்னதில்ல. குடல் சுவர்ல இருக்கு, அதனால குடல் சோம்பேறியாகி மலச்சிக்கல் வரும். வாந்தியைத் தூண்டற இடத்தையும் இது தொடும், அதனால முதல் சில நாள் குமட்டும். இருமலை அடக்கும். கண்ணுப் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கிடும். சிலருக்கு உடம்பெல்லாம் அரிக்கும், மூக்கைச் சொறிஞ்சுட்டே இருப்பாங்க, சிலருக்கு மூத்திரம் அடைச்சுக்கும். மூளையில சந்தோஷத்தைப் பதிவு பண்ற வழியிலயும் கை வைக்கும், அங்கதான் போதைங்கற வியாபாரமே ஆரம்பிக்குது. (வயித்துப்போக்குக்குப் போடற லோபரமைடு இருக்குல்ல, அதுவும் ஓபியாய்டுதான், ஆனா சாதாரண அளவுல அது மூளைக்குள்ள நுழைய முடியாது, குடலோட நின்னுடும், அதனாலதான் அதைச் சாப்பிட்டு யாருக்கும் வலி குறையறதில்ல.)

இப்ப ஆளைக் கொல்ற இடத்துக்கு வர்றேன், இதை மட்டும் நிதானமாப் படிங்க. நாம நெனச்சு நெனச்சு மூச்சு விடறதில்ல, மூளைத்தண்டுல ஒரு சின்ன நரம்புக் கூட்டம் தாளம் போட்டுட்டே இருக்கு, ரத்தத்துல கரியமிலவாயு ஏற ஏற அது "மூச்சை இழு, மூச்சை இழு"ன்னு விரட்டும். மூச்சை அடக்கிப் பாத்தா கொஞ்ச நேரத்துல தவிக்குது பாருங்க, அது அந்த விரட்டல்தான். ஓபியாய்டு அந்த விரட்டலை மழுங்க அடிச்சிடும். வாயு ஏறிட்டே போகும், தவிப்பே வராது, ஆள் நிம்மதியாத் தூங்கற மாதிரியே இருப்பார், மூச்சு நிமிஷத்துக்கு பத்து, எட்டு, ஆறுன்னு குறையும், குறட்டை மாதிரி கரகரன்னு ஒரு சத்தம் வரும், உதடு நீலமாகும், அப்புறம் நின்னுடும். அதனாலதான் ஓவர்டோஸ்ல இறந்தவங்க வீட்ல "நல்லாத் தூங்கிட்டுதான் இருந்தார், குறட்டை கூட விட்டார்"னு சொல்வாங்க. அது குறட்டை இல்ல.

ஆனா இந்த மருந்து சொல்லாமக் கொள்ளாம மூச்சை நிறுத்தறது அபூர்வம். வாய் வழியா குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு படிப்படியா ஏத்தும்போது பொதுவா முதல்ல தூக்கம் அதிகமாகும், எழுப்பினா எழுந்து ரெண்டு வார்த்தை பேசிட்டு மறுபடி சொக்குவாங்க, அப்புறம் எழுப்பவே கஷ்டமாகும், அதுக்கப்புறம்தான் மூச்சு. அந்த முதல் படியிலயே டோஸை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிட்டா பெரும்பாலும் ஆபத்து வராது. இன்னொண்ணு, வலியே மூச்சுக்கு ஒரு தூண்டுகோல் மாதிரி, வலி இருக்கற அளவுக்கு மருந்து கொடுத்தா ரெண்டும் ஒண்ணையொண்ணு சமாளிச்சுக்கும். வலியே இல்லாதவர் அதே அளவை முழுங்கினா எதிர்த்து நிக்க அங்க ஒண்ணும் இல்ல. ஒரே மாத்திரை உங்க அப்பாவுக்கு மருந்தாவும் உங்க வீட்டுப் பொடிசுக்கு விஷமாவும் இருக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சு நின்னா மாத்து மருந்து இருக்கு, நாலாக்ஸோன். அந்தப் பூட்டுக்குள்ள இருக்கற ஓபியாய்டை இடிச்சுத் தள்ளிட்டு தான் போய் உக்காந்துக்கும், ஊசியாவோ மூக்குல அடிக்கற ஸ்ப்ரேயாவோ கொடுத்தா ரெண்டு மூணு நிமிஷத்துல ஆள் எழுந்துடுவார், பாக்கறவங்களுக்கு மாயாஜாலம் மாதிரி இருக்கும். அமெரிக்காவுல 2023ல இருந்து இந்த ஸ்ப்ரேயை சீட்டு இல்லாமலே வாங்கலாம்னு ஆக்கிட்டாங்க. ஆனா அதோட வேலை அரைமணியில இருந்து ஒண்ணரை மணி நேரம்தான், உள்ள இருக்கற ஓபியாய்டு அதுக்கு மேலயும் இருந்தா மறுபடி மூச்சு அமுங்கும், அதனால எழுந்துட்டார்னு விட்டுட்டுப் போகக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயே ஆகணும். ஸ்ப்ரே கையில இல்லன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு, அது வர்ற வரைக்கும் வாயோட வாய் வச்சு மூச்சு கொடுக்கறதுதான் உயிரைக் காப்பாத்தும், மூஞ்சில தண்ணி அடிக்கறதும் நடக்க வைக்கறதும் நேரத்தை வீணாக்கற வேலை.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். பெரிய ஆபரேஷன், தீப்புண், எலும்பு முறிவு, புற்றுநோய் வலி, இதுக்கெல்லாம் இதை விட்டா பெருசா வேற நாதி இல்ல. கடைசி கட்ட நோயாளிங்க மூச்சு வாங்கித் தவிக்கும்போது குறைஞ்ச அளவு மார்ஃபின் அந்தத் தவிப்பைக் குறைக்கும், மூச்சை அமுக்கற மருந்தே மூச்சுத் திணறலுக்கும் மருந்துன்னா நம்ப மாட்டாங்க, ஆனா காரணம் மேல சொன்ன அதே விரட்டல்தான். உலக சுகாதார நிறுவனம் 1986லயே புற்றுநோய் வலிக்கு மூணு படி ஏணி ஒண்ணு போட்டுக் கொடுத்தது, முதல் படி பாராசிட்டமால் வகை, ரெண்டாவது கோடீன் மாதிரி லேசான ஓபியாய்டு, மூணாவது மார்ஃபின். அதுல அவங்க அடிச்சுச் சொன்ன ஒரு விஷயம் கடிகாரத்தைப் பாத்துக் கொடுங்கங்கறது. சாதா மார்ஃபின் மாத்திரை சுமார் நாலு மணி நேரம் வேலை செய்யும், நாலு மணிக்கொரு தடவை கொடுத்தா வலி தலை தூக்கவே தூக்காது. ஜனங்க பண்றது என்ன, "தாங்க முடியலன்னா மட்டும் கொடுப்போம்"னு மாத்திரையைப் பூட்டி வச்சுட்டு அவர் கதறும்போது எடுத்துட்டு ஓடுவாங்க, அந்த மாத்திரை வேலை செய்ய அரைமணி ஆகும், அந்த அரைமணியும் நரகம், அடுத்த தடவை வலி வரும்னு பயந்தே பாதி வலி. வேளாவேளைக்கு கொடுத்தா மொத்த மார்ஃபின் குறைவாத்தான் செலவாகும்னு கூட பல தடவை பாத்திருக்கேன். நடுவுல திடீர்னு வலி குத்தினா கொடுக்க தனியா ஒரு எக்ஸ்ட்ரா டோஸும் டாக்டர் சொல்லியிருப்பார், சொல்லலன்னா கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

"இப்பவே ஆரம்பிச்சுட்டா பின்னாடி வலி ஜாஸ்தியானா என்ன கொடுக்கறது"ன்னு சேமிச்சு வைக்கற குணம் ஒண்ணு இருக்கு. மார்ஃபின் அப்படி தீந்து போற மருந்து இல்ல, பாராசிட்டமாலுக்கு இவ்ளோதான்னு ஒரு கூரை இருக்கு, அதைத் தாண்டினா ஈரல் போயிடும், மார்ஃபினுக்கு அப்படிப் போட்டு வச்ச கூரை கிடையாது, வலி ஏறினா பாத்துப் பாத்து ஏத்தலாம். அதே மாதிரி மார்ஃபின் ஆரம்பிச்சா ஆள் சீக்கிரம் போயிடுவார்ங்கறதும் தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டது. ரொம்ப லேட்டா, கடைசி வாரத்துல ஆரம்பிச்சா கடைசி வாரத்துலதானே இறப்பாங்க, பழி மாத்திரை மேல விழும்.

முதல் ரெண்டு மூணு நாள் தூங்கி வழிவார், பயப்படாதீங்க, பல நாளா தூங்காத கடன் அது, எழுப்பினா ஒழுங்கா பேசறாரான்னு மட்டும் பாருங்க. குமட்டலும் ஒரு வாரத்துல அடங்கிடும். அடங்கவே அடங்காதது மலச்சிக்கல், உடம்பு மத்ததுல பெரும்பாலானதுக்குப் பழகும், இதுக்குப் பழகாது. இதைச் சின்ன விஷயம்னு நெனச்சு விட்டு, வலி குறைஞ்சும் வயிறு உப்பி மாத்திரையே வேணாம்னு தூக்கிப் போட்டவங்க எத்தனையோ பேர். முதல் நாள்ல இருந்தே மலமிளக்கி கூடவே போகணும். கிட்னி சரியில்லன்னா மார்ஃபினோட கழிவு உடம்புலயே தங்கி விளைவு ஏறிட்டே போகும், அப்பாவுக்கு கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்த டெஸ்ட்) ஜாஸ்தின்னா அதை டாக்டர்கிட்ட வாய் விட்டுச் சொல்லுங்க, வேற மருந்து மாத்துவாங்க.

இப்ப "பழக்கமாயிடும்"ங்கற வார்த்தை. இந்த ஒரு வார்த்தைக்குள்ள மூணு சமாச்சாரத்தைப் போட்டு மூட்டை கட்டிடறாங்க. ஒண்ணு, அதே அளவு கொஞ்ச நாள்ல கம்மியா வேலை செய்யறது, டாலரன்ஸ். ரெண்டு, திடீர்னு நிறுத்தினா உடம்பு முரண்டு பிடிக்கறது, வித்ட்ராயல்: கொட்டாவி, மூக்கு கண்ணு ஒழுகறது, புல்லரிச்சுக் குளிர்றது, வயித்தைப் பிசையறது, பேதி, தூக்கமின்மை, எட்டுல இருந்து இருபத்து நாலு மணி நேரத்துல ஆரம்பிச்சு ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போய் ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கும். வேற சிக்கல் இல்லாத பெரியவங்களுக்கு உயிருக்கு ஆபத்து அபூர்வம், ஆனா அனுபவிக்கறவங்க செத்துடலாம்னு நெனப்பாங்க. இந்த ரெண்டும் சில வாரம் தொடர்ந்து போடற யாருக்கும் வரும், இது அடிமைத்தனம் இல்ல. சில பிபி மாத்திரையும் ஸ்டீராய்டும் கூடத்தான் திடீர்னு நிறுத்தினா உடம்பு படுத்தும், அதுக்காக பிபி பேஷன்டை யாரும் அடிமைன்னு சொல்றதில்லையே, படிப்படியாக் குறைச்சு நிறுத்துவோம் அவ்ளோதான். மூணாவதுதான் நிஜ அடிமைத்தனம்: மருந்துக்காக பொய் சொல்றது, வேலை குடும்பம் பணம் எல்லாம் போனாலும் நிறுத்த முடியாம அதையே தேடிப் போறது, வலி போனப்புறமும் போதைக்காக ஏத்திட்டே போறது. புற்றுநோய் வலிக்கு சரியான கண்காணிப்புல சாப்பிடறவங்ககிட்ட இது குறைவு. இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன், முன்னாடியே குடிப்பழக்கமோ போதைப்பழக்கமோ மனநோயோ இருந்தவங்ககிட்ட கூடுதல் கவனம் வேணும். ஆனா எலும்புல புற்று ஓடற ஒருத்தர் நாலு மணிக்கொரு தடவை கடிகாரத்தைப் பாக்கறார்னா அது வெறி இல்ல, வலி.

அப்போ அமெரிக்காவுல என்ன ஆச்சு? அங்க சிக்கல் உங்க அப்பா மாதிரி ஆளுங்ககிட்ட இருந்து ஆரம்பிக்கல. கொஞ்சம் பின்னாடி போகணும். மார்ஃபின் அடிமைத்தனம் பெருகினதைப் பாத்து, பழக்கமாகாத வலி மருந்து ஒண்ணைக் கண்டுபிடிக்கணும்னு ரொம்ப காலமா ஒரு தேடல், ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் வந்து "இதோ கிடைச்சுடுச்சு"ம்பார். 1898ல பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தா வித்தது, ஆமா, ஹெராயின்ங்கறது அந்தக் கம்பெனி வச்ச பிராண்ட் பேர்தான், மார்ஃபினை விட நல்லது, பழக்கமாகாதுன்னு நெனச்சாங்க. அது மூளைக்குள்ள இன்னும் வேகமாப் போய் அங்க மார்ஃபினாவே மாறுற சரக்கு. வேகமா ஏறுற எதுவும் வேகமா அடிமையாக்கும், ஊசி, புகை, மூக்குல உறிஞ்சறது எல்லாம் வாயில போடறதை விட மோசமா இருக்கறது அதனாலதான்.

அதே கதை நூறு வருஷம் கழிச்சு மறுபடி நடந்தது. 1980ல ஒரு பெரிய மருத்துவ இதழ்ல அஞ்சே வரியில ஒரு கடிதம் வந்தது, ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப ஓபியாய்டு வாங்கின 11,882 பேர்ல 4 பேர்தான் அடிமையானதா பதிவு இருக்குன்னு. அது ஆய்வே இல்ல, ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தவங்க ரெக்கார்டைப் புரட்டின ஒரு குறிப்பு, வீட்டுக்குப் போய் மாசக்கணக்கா சாப்பிடறவங்களைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல. ஆனா அதை 600 தடவைக்கு மேல மேற்கோள் காட்டினாங்க, "பாருங்க, நூத்துல ஒருத்தர் கூட அடிமையாகல"ன்னு. 1996ல பர்டூ கம்பெனி ஆக்ஸிகான்டின்னு, பன்னெண்டு மணி நேரம் மெதுவா கரையற ஆக்ஸிகோடோன் மாத்திரையைக் கொண்டு வந்து, மெதுவா கரையறதால பழக்கமாகற வாய்ப்பு கம்மின்னு டாக்டர்ங்ககிட்ட தள்ளு தள்ளுன்னு தள்ளினாங்க, முதுகு வலி, மூட்டு வலின்னு எல்லாத்துக்கும் எழுதினாங்க. மாத்திரையை நொறுக்கினா பன்னெண்டு மணி நேரத்து மருந்தும் ஒரே அடியா இறங்கும்னு ஜனங்க கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகல. 2007ல மருந்தைப் பத்தி தப்பாச் சொல்லி வித்தோம்னு கோர்ட்ல குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க, 2020ல மறுபடி வேற குற்றங்களை ஒத்துக்கிட்டாங்க.

அதுக்குள்ள லட்சக்கணக்கான பேருக்குப் பழகிடுச்சு. சீட்டுல கிடைக்கறதை இறுக்கினாங்க, 2010 வாக்குல பல பேர் ஹெராயினுக்குத் தாவினாங்க, 2013ல இருந்து கள்ளத்தனமா செஞ்ச ஃபெண்டானில் ஹெராயினோட இடத்தைப் பிடிச்சது. 2021, 2022 ரெண்டு வருஷமும் அங்க போதைப்பொருள் ஓவர்டோஸ்ல இறந்தவங்க லட்சத்தைத் தாண்டினாங்க, அதுல சுமார் முக்கால்வாசி ஓபியாய்டு.

ஃபெண்டானில் கெட்ட மருந்து இல்ல. 1960 வாக்குல பெல்ஜியத்துல பால் யான்சன் கண்டுபிடிச்சது, எங்க தியேட்டர்ல தினம் தினம் போடறோம், அது இல்லாம இதய ஆபரேஷனை என்னால நெனச்சுப் பாக்க முடியல. மார்ஃபினை விட 50ல இருந்து 100 மடங்கு வீரியம், அதனால நாங்க மைக்ரோகிராம்ல அளந்து, பக்கத்துல மூச்சு மெஷினை வச்சுட்டு கொடுக்கறோம். எவனோ ஒரு கொட்டகையில மாவுல கலந்து மாத்திரையா அமுக்கும்போது ஒரு மாத்திரையில ஒண்ணுமே இருக்காது, பக்கத்து மாத்திரையில ஆளைக் கொல்ற அளவு இருக்கும், வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணு. சேர்ட்டூர்னர் அளக்கறதுக்கு வழி கண்டுபிடிச்சு இருநூறு வருஷம் ஆகியும் தெருவுல வாங்கறவன் மறுபடி அபின் உருண்டை காலத்துக்கே போயிட்டான்.

நாள்பட்ட சாதாரண முதுகு வலிக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் இந்த மருந்துங்க நியாயமா எவ்ளோ உதவுதுன்னு பின்னாடி சோதிச்சுப் பாத்தாங்க. 2018ல வந்த ஒரு ஆய்வுல ஒரு வருஷம் பாத்தாங்க, ஓபியாய்டு சாப்பிட்டவங்களை விட சாதா வலி மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு வலி கொஞ்சம் கம்மியாவே இருந்தது. 2023ல ஆஸ்திரேலியாவுல புதுசா வந்த முதுகு, கழுத்து வலிக்குக் கொடுத்துப் பாத்தா மருந்தே இல்லாத வெத்து மாத்திரைக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்ல. சிலருக்கு ரொம்ப நாள் சாப்பிட்டா நரம்பு இன்னும் கூர்மையாகி வலியே அதிகமாகறதும் உண்டு. அதனால ஒருத்தர் "முதுகு வலிக்கு மாசக்கணக்கா இதைக் கொடுக்கறாங்க"ன்னு சொன்னா அங்க நான் நிஜமாவே பயப்படுவேன்.

லேசானதுன்னு நெனச்சு நாம ஏமாறுற மருந்து ரெண்டு இருக்கு, கோடீனும் டிராமடாலும். கோடீன் சும்மா இருந்தா பெருசா ஒண்ணும் பண்ணாது, ஈரல்ல ஒரு என்சைம் அதுல ஒரு பங்கை மார்ஃபினா மாத்தணும். சிலருக்கு அந்த என்சைம் வேலையே செய்யாது, மாத்திரை வீண். சிலருக்கு அசுர வேகம், சாதாரண டோஸே ஓவர்டோஸ் ஆயிடும், டான்சில் ஆபரேஷன் முடிஞ்ச குழந்தைங்க இப்படி இறந்திருக்காங்க, அதனாலதான் அமெரிக்காவுல 2017ல 12 வயசுக்குக் கீழ கோடீன் கொடுக்கவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. டிராமடால் ஓபியாய்டு வேலையோட மனச்சோர்வு மாத்திரை வேலையையும் கொஞ்சம் செய்யும், அளவு தாண்டினா வலிப்பு வரும், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடறவங்க கூட சேத்துப் போட்டா செரோடோனின்ங்கற மூளை ரசாயனம் ஏறி காய்ச்சல், நடுக்கம், குழப்பம்னு ஆபத்தாகும். போதைக்காக இருமல் சிரப்பை பாட்டில் பாட்டிலா குடிக்கறதும், டிராமடாலை அட்டை அட்டையா முழுங்கறதும் உலகத்துல பல இடத்துல நடக்குது, "மாத்திரைதானே, ஹெராயினா என்ன"ன்னு சொல்லிக்கறாங்க. பூட்டு அதே பூட்டுதான்.

அடிமையானவங்களைப் பத்தியும் சொல்லணும், ஏன்னா இதைப் படிக்கறவங்கள்ல யாராவது வீட்ல இருக்கலாம். வியட்நாம் போர்ல அமெரிக்க சிப்பாய்ங்க நிறைய பேர் ஹெராயினுக்கு அடிமையானாங்க, லீ ராபின்ஸ்னு ஒரு அம்மா ஊருக்குத் திரும்பினவங்களைத் தேடித் தேடி ஆய்வு பண்ணினாங்க, அங்க அடிமையா இருந்தவங்கள்ல முதல் வருஷத்துல மறுபடி அடிமையானது 5 சதவீதம் பேர்தான். சூழ்நிலைக்கு எவ்ளோ பங்கு இருக்குன்னு அதுல தெரிஞ்சது. அதுக்காக மன உறுதி இருந்தா விட்டுடலாம்னு அர்த்தம் இல்ல. அறையில அடைச்சு வச்சு பத்து நாள்ல வித்ட்ராயலைத் தாண்ட வைக்கறதை சிகிச்சைன்னு நெனக்கறாங்க, அது சிகிச்சையோட முதல் பக்கம் கூட இல்ல. அந்த பத்து நாள்ல டாலரன்ஸ் இறங்கிடும், ஆசை இறங்காது, வெளிய வந்து பழைய அளவையே போடுவாங்க, முன்னாடி தாங்கின உடம்பு இப்ப தாங்காது. ஜெயில்ல இருந்தும் மறுவாழ்வு மையத்துல இருந்தும் வெளிய வந்த முதல் ரெண்டு வாரம்தான் சாவுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற நேரம். பயப்பட வேண்டிய இடம்னு சொன்னேனே, இது அதுல முக்கியமானது.

வேலை செய்யற சிகிச்சை மெத்தடோனும் புப்ரினார்ஃபினும். மெத்தடோன் மெதுவா ஏறி நாள் முழுக்க நிக்கும், 1960கள்ல நியூயார்க்ல டோல், நைஸ்வாண்டர்னு ரெண்டு டாக்டர்ங்க இதைக் கொடுத்துப் பாத்தப்ப ஆளுங்க திருட்டை விட்டு வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. புப்ரினார்ஃபின் அந்தப் பூட்டை பாதிதான் திறக்கும், ஆனா இறுக்கிப் பிடிச்சுக்கும், ஒரு அளவுக்கு மேல ஏத்தினாலும் மூச்சை அவ்வளவா அமுக்காது, நாக்குக்கு அடியில வச்சுக்கற மாத்திரை. "ஒரு போதைக்கு பதிலா இன்னொரு போதையா"ன்னு கேப்பாங்க. இல்ல, போதை ஏறாம, வித்ட்ராயலும் வராம நடுவுல நிறுத்தி வைக்கறது, சர்க்கரைக்கு இன்சுலின் மாதிரி வருஷக்கணக்கா கூட போடலாம், இதைச் சாப்பிடற வரைக்கும் சாவு பாதிக்கு மேல குறையுது. ரெண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2005லயே அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சேத்துடுச்சு.

இத்தனை சாவைப் பாத்துட்டு உலகம் பயந்தது நியாயம். ஆனா அந்தப் பயத்தோட விலையை வேற யாரோ கொடுக்கறாங்க. 2017ல லான்செட்ங்கற மருத்துவ இதழோட ஒரு கமிஷன் கணக்கு போட்டது, வருஷத்துக்கு உலகம் பூரா 298.5 டன் மார்ஃபினுக்குச் சமமான ஓபியாய்டு விநியோகம் ஆகுது, அதுல ரொம்ப ஏழை நாடுங்களுக்குப் போனது 0.1 டன். ஒரு பக்கம் முதுகு வலிக்கு அள்ளி அள்ளிக் கொடுத்து சாகடிச்சாங்க, இன்னொரு பக்கம் புற்றுநோய்க்காரன் வெறும் பாராசிட்டமாலைக் கையில வச்சுட்டு சுவரைப் பிராண்டறான். மார்ஃபின் மாத்திரை காப்புரிமை இல்லாத, மலிவான மருந்து, இவ்ளோ குறைவா போக அதோட செலவு காரணமே இல்ல.

இனி உங்க வீட்டுக்கு வர்றேன். மாத்திரையை பூட்டுப் போட்ட பெட்டியில வைங்க, எத்தனை இருக்குன்னு எண்ணி ஒரு நோட்ல எழுதுங்க, எத்தனை மணிக்கு கொடுத்தீங்க, வலி பத்துக்கு எவ்ளோன்னும் எழுதுங்க, டாக்டர் டோஸ் மாத்தறதுக்கு அந்த நோட்டுதான் கண்ணு. பன்னெண்டு மணி நேர மாத்திரையா இருந்தா உடைக்காதீங்க, பொடி பண்ணாதீங்க, முழுங்க முடியலன்னா சிரப் கேளுங்க. தூக்க மாத்திரை, பதட்டத்துக்கான மாத்திரை, மது, இதுல எதுவும் டாக்டருக்குத் தெரியாம கூட சேரக்கூடாது, ஓபியாய்டு தனியா இருக்கறதை விட இதுங்களோட கூட்டு சேந்தா ஆளைக் கொல்ற ஆபத்து ரொம்ப அதிகம். பின்னாடி ஃபெண்டானில் பேட்ச் ஒட்டினாங்கன்னா, மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தறது, அது மேல வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீங்க, சூட்டுல மருந்து வேகமா இறங்கிடும், கழட்டின பேட்ச்லயும் மருந்து நிறைய மிச்சம் இருக்கும், ஒட்டற பக்கம் உள்ள இருக்கற மாதிரி மடிச்சு, எப்படி அழிக்கறதுன்னு ஆஸ்பத்திரியில கேட்டு அது மாதிரியே செய்யுங்க, குழந்தைங்க அதை எடுத்து ஒட்டிக்கிட்டு இறந்திருக்காங்க. அப்பாவுக்கு மாத்திரை தேவைப்படாமப் போற நாள்ல மிச்சத்தை வீட்ல வச்சுக்காதீங்க, எண்ணிக் கொண்டு போய் மருந்து வாங்கின இடத்துலயே திருப்பிக் கொடுங்க.

அந்த சீட்டை எடுத்து ஒரு தடவை பாருங்க, மலமிளக்கி எழுதியிருக்கான்னு. இல்லன்னா நாளைக்குக் காலையில முதல் வேலையா போன் பண்ணிக் கேளுங்க, மறந்து போறது டாக்டர்ங்களுக்கும் நடக்கும்.